குழாய்க் கூலியில் எழுந்த நிறுவனம்: ரிச்சர்ட் கிண்டரைப் பற்றிக் காரைக்குடி மாணவர்கள் கேட்ட கேள்விகள்

காரைக்குடியில் வணிகவியலும் பொறியியலும் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு, எரிபொருள் குழாய்வழித் தொழிலில் பெயர் பெற்ற அமெரிக்கரான ரிச்சர்ட் கிண்டரைப் பற்றி மூன்று மாலைகள் பேசினேன். முப்பது ஆண்டுகள் தணிக்கையாளனாக இருந்து பிறர் கணக்குகளைப் பார்த்தவன் என்பதால், ஒருவருடைய தொழில் வாழ்க்கையை அவருடைய ஐந்தொகையின், அதாவது இருப்புநிலைக் கணக்கின், வழியாகப் படிப்பது என் பழக்கம். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும், அன்று நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ரிச்சர்ட் கிண்டர் என்பவர் யார்?

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலிருந்து இயங்கும் கிண்டர் மார்கன் என்னும் குழாய்வழி நிறுவனத்தை, 1997-ஆம் ஆண்டு தம் நண்பர் வில்லியம் மார்கனுடன் சேர்ந்து தொடங்கியவர். அப்போது அவருக்கு வயது 52. அந்நிறுவனத்தின் குழாய்களுடைய மொத்த நீளம் இப்போது ஏறத்தாழ 1,27,000 கிலோமீட்டர். அமெரிக்காவில் பயன்படும் இயற்கை எரிவாயுவில் சுமார் 40 விழுக்காடு தங்கள் குழாய்களின் வழியே செல்வதாக நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

செட்டிநாட்டில் இருக்கும் நாம் அவரைப் பற்றி எதற்காகப் படிக்க வேண்டும்?

என் ஐயா, அதாவது தாத்தா, மலாயாவில் வட்டித்தொழில் கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, சேர்ந்து, மேலாளுக்கு அடுத்த பொறுப்பான அடுத்தாளாக உயர்ந்தவர். கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன அந்தத் தலைமுறைக்கு இருந்த பெரிய கவலை, போட்ட முதல் மாதந்தோறும் வட்டியாக வந்துகொண்டிருக்குமா, இல்லை அசையாச் சொத்தாக மாறி அங்கேயே தங்கிவிடுமா என்பதுதான். பர்மாவில் இரண்டாவது நடந்தது. 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் ஈட்டு நிலத்தைக் கொடுக்க, 1937-க்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாக வந்தது. நிலத்தைக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948-இல் பர்மா அரசின் நில நாட்டுடைமைச் சட்டமும் மிச்சத்தை முடித்துவைத்தன.

குழாயும் அப்படிப்பட்ட அசையாச் சொத்துதான். மண்ணுக்குள் புதைத்துவிட்டால் எடுத்து வேறிடம் கொண்டுபோக முடியாது. அந்தச் சொத்திலிருந்து ஒருவர் எப்படி ஒழுங்கான வரவைப் பெற்றார், எந்த இடத்தில் அவருக்கும் அது சிக்கலாயிற்று என்று பார்ப்பது நம் வீட்டுப் பேரேட்டைப் படிப்பது போன்றது.

அவருடைய பிறப்பும் படிப்பும் எப்படி?

1944 அக்டோபர் 19 அன்று, மிசூரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள கேப் ஜிரார்டோ என்ற ஊரில் பிறந்தார். மிசூரி பல்கலைக்கழகத்தில் 1966-இல் பட்டமும் 1968-இல் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் இராணுவத்தில் சேர்ந்து வியட்நாமிலும் பணியாற்றிவிட்டுத் திரும்பி வழக்கறிஞராக இருந்தார். பிற்காலத்தில் என்ரான் என்னும் எரிசக்தி நிறுவனத்தின் தலைவரான கென்னத் லேயும், கூட்டாளியாக வந்த மார்கனும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்.

வழக்கறிஞராக இருந்தவர் எரிவாயுத் தொழிலுக்குள் எப்படி வந்தார்?

1980-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடா கேஸ் என்னும் குழாய்வழி நிறுவனத்தில் சேர்ந்தார். அது ஹூஸ்டன் நேச்சுரல் கேஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1985-இல் அந்நிறுவனமும் நெப்ராஸ்காவின் இன்டர்நார்த்தும் ஒன்றாயின. அந்த இணைப்பிலிருந்து உருவானதுதான் என்ரான். குழாய்த் தொழிலில் பொறியியலுக்கு நிகராக ஒப்பந்தமும் நிலவுரிமையும் ஒழுங்குமுறைச் சட்டமும் இருப்பதால், சட்டம் படித்தவர் அங்கே மேலே வந்ததில் வியப்பில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

என்ரானில் அவர் வகித்த பொறுப்பு என்ன? அதன் வீழ்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டா?

1990 முதல் 1996 முடிய அவர் என்ரானின் தலைவராகவும் தலைமை இயக்க அலுவலராகவும் இருந்தார். ஒவ்வொரு பிரிவின் வரவு செலவையும் நேரில் உட்கார்ந்து கேட்பவர், வாக்களித்த தொகைக்கும் வந்த தொகைக்கும் இடையிலான வேறுபாட்டை விடாமல் பிடிப்பவர் என்று பெயர் எடுத்தார். கென்னத் லேக்குப் பின் முதன்மைச் செயல் அலுவலராக வருவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். லே பதவியில் தொடர்வதென இயக்குநர் குழு முடிவு செய்ததும், 1996 இறுதியில் விலகினார். அவருடைய இடத்துக்கு ஜெஃப்ரி ஸ்கில்லிங் வந்தார். குழாய், மின்நிலையம் போன்ற கனத்த சொத்துகளைக் குறைத்துக்கொண்டு, எரிசக்தியை வாங்கி விற்கும் ஒப்பந்த வணிகத்தில் வளர வேண்டும் என்பது ஸ்கில்லிங்கின் கொள்கை. 2001 டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு கொடுத்தது.

கிண்டர் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். திவாலைத் தொடர்ந்து வந்த மோசடி வழக்குகளில் அவர் மீது குற்றம் சாட்டப்படவும் இல்லை. ஆனால் தணிக்கையாளனாக நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நீண்டகால ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டவுடன், வருங்காலத்தில் வரப்போகும் இலாபத்தையெல்லாம் இன்றைய வரவாக எழுதிக்கொள்ளும் கணக்கு முறைக்கு 1992-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் என்ரானுக்கு ஒப்புதல் தந்தது. அப்போது கிண்டர் அங்கே பொறுப்பில் இருந்தார். அவர் இருந்தவரை அதன் பின்விளைவு கட்டுக்குள் இருந்தது என்று சொல்லலாமே தவிர, அவர் போன பிறகுதான் அந்த விதை விழுந்தது என்று சொல்வது சரியாகாது. வராத வட்டியை வரவில் வைத்து ஐந்தொகை எடுத்த கணக்கப்பிள்ளையை எந்தக் கடை முதலாளியும் வேலையில் வைத்திருந்திருக்க மாட்டார்.

அவர் தொடங்கியபோது வாங்கியது என்ன?

என்ரான் தனக்குத் தேவையில்லை என்று கருதிய என்ரான் லிக்விட்ஸ் பைப்லைன் என்ற சிறு கூட்டாண்மையின் நிர்வாகப் பங்கை, ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதனிடம் இருந்தவை நீர்ம எரிபொருள் செல்லும் சில குழாய்களும், ஒரு நிலக்கரி முனையமும், அவற்றைப் போன்ற ஆரவாரமில்லாத சொத்துகளும்.

வாங்கியதன் வடிவத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் குழாய்வழித் தொழிலுக்கு ஒருவகைக் கூட்டாண்மை அமைப்பு உண்டு. அதன் பங்குகள் சந்தையில் விற்கப்படும்; நிறுவன அளவில் வருமான வரி கிடையாது; வருவாய் பங்காளிகளுக்குப் பிரிக்கப்பட்டு, அவரவர் தத்தம் வரியைக் கட்டுவர். நிர்வாகப் பங்காளி சிறு முதலே போட்டிருந்தாலும், பிரித்துக் கொடுக்கும் தொகை குறிப்பிட்ட அளவுகளைத் தாண்டத் தாண்ட, கூடுதல் தொகையில் அவருடைய விழுக்காடு ஏறிக்கொண்டே போய்ப் பாதியை எட்டும். நம் கடைகளில் மூன்றாண்டுக் கணக்குக்குப் போன மேலாளுக்குச் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. ஆனால் இலாபம் கூடக் கூட அவருடைய விழுக்காடே கூடும் என்ற ஏற்பாடு இருந்ததாக நான் எந்தக் கணக்கிலும் பார்த்ததில்லை. கிண்டரின் விரைவான வளர்ச்சிக்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்; பின்னாளில் அவரே 2014-இல் அந்தக் கூட்டாண்மைகளை எல்லாம் தாய் நிறுவனத்துக்குள் கலைத்ததற்கும் அதுவே காரணம், ஏனெனில் நிர்வாகப் பங்குக்குப் போகும் தொகை பெருகியதால் புதிய முதல் திரட்டுவது விலை கூடிய காரியமாகிவிட்டது.

குழாய்க்காரருக்கு வரவு எப்படி வருகிறது? எண்ணெய் விலை ஏறினால் அவருக்கு இலாபமா?

பெரும்பாலும் இல்லை. குழாயில் ஓடும் எரிவாயு குழாய்க்காரருக்குச் சொந்தமானதன்று. அவர் பெறுவது ஏற்றுகூலி. இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் அமெரிக்கக் குழாய் நிறுவனங்கள் எரிவாயுவைக் கிணற்றடியில் தாமே வாங்கி, நகரத்தில் தாமே விற்றன. 1985-இலும் 1992-இலும் அந்நாட்டுக் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த ஆணைகள், விற்பதையும் கொண்டுசெல்வதையும் பிரித்துவிட்டன. 1992-ஆம் ஆண்டின் 636-ஆம் எண் ஆணைக்குப் பிறகு, குழாய்க்காரர் கூலிக்குச் சுமப்பவர் மட்டுமே. இந்த மாற்றத்தை ஒரு குறையாகக் கருதிப் பல நிறுவனங்கள் வணிகத்தின் பக்கம் ஓடிய காலத்தில், சுமப்பதையே முழுத்தொழிலாக எடுத்துக்கொண்டதுதான் கிண்டரின் தனித்த முடிவு என்பது என் கருத்து.

கூலியிலும் வகைகள் உண்டு. எரிவாயுக் குழாயில், அனுப்புகிறவர் பல ஆண்டுகளுக்குக் குழாயின் கொள்ளளவில் ஓர் அளவைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் அந்த இடத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த நம் கிட்டங்கிகளை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒரே நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்கள் தத்தம் பெட்டியும் மேசையும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஒருவருக்குக் கொடுக்கல் வாங்கல் நடந்ததா என்பது வேறு, பெட்டி வைத்த இடத்துக்கு வாடகை என்பது வேறு. பெட்ரோல், டீசல் குழாய்களில் பெரும்பாலும் பீப்பாய்க்கு இவ்வளவு என்று கூலி. அங்கே விலையைவிட ஓடும் அளவே முக்கியம். கிண்டர் மார்கனின் ஒரு பிரிவு மட்டும் உண்மையிலேயே எண்ணெய் விலையைச் சார்ந்தது: கரியமில வாயுவைக் குழாயில் மேற்கு டெக்சாஸுக்குக் கொண்டுபோய், பழைய எண்ணெய் வயல்களுக்குள் செலுத்தி, பாறையில் ஒட்டிய எண்ணெயை வெளியே தள்ளும் தொழில்.

ஒரே குழாயில் பெட்ரோலும் டீசலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கலந்துவிடாதா?

சந்திக்கும் இடத்தில் கலக்கும். நடுவில் தடுப்பு எதுவும் பெரும்பாலும் வைப்பதில்லை; வேகமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் கலவை நீளம் மொத்த ஓட்டத்தில் சிறு பகுதியாகவே நிற்கும். முனையத்தில் அடர்த்தியை அளந்து, கலவை வரும்போது தனித் தொட்டிக்குத் திருப்பி, மீண்டும் பிரித்தெடுக்கிறார்கள். கலிபோர்னியா, அரிசோனா பகுதிகளில் இவ்வாறு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய்களை 1998-இல் கிண்டர் மார்கன் வாங்கியது. சிறு நிறுவனமாக இருந்ததைப் பெரிதாக்கிய முதல் கொள்முதல் அது.

ஆண்டுக்கு ஒரு டாலர் சம்பளம் வாங்கினார் என்பது உண்மையா?

உண்மை. ஊக்கத்தொகையும் பெறவில்லை. ஆனால் அவர் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரர்களில் ஒருவர்; ஈவுத்தொகையாக அவருக்கு வந்தது மிகப் பெரிய தொகை. ஆகவே இதைத் துறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாளிக்கு எந்த வழியில் பணம் வருகிறதோ, அதே வழியில்தான் சிறு பங்குதாரருக்கும் வருகிறது என்பதே அதன் பொருள். நிறுவனத்துக்குச் சொந்த விமானம் வைத்துக்கொள்ளவில்லை, அதிகாரிகளுக்கு ஆடம்பரச் சலுகைகள் தரவில்லை என்பதும் பலர் எழுதியிருப்பதே. என்ரானின் விமானங்களையும் அலுவலகப் பகட்டையும் அருகிலிருந்து பார்த்தவர் அவர்.

சிக்கனமானவர் என்றால், அவ்வளவு கடன் எப்படிச் சேர்ந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவி கணக்கியலில் நன்றாக வருவார். அலுவலகச் செலவில் சிக்கனமும் கொள்முதலுக்குக் கடனும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். 1999-இல் கே.என். எனர்ஜியுடன் இணைந்தார், 2005-இல் கனடாவின் டெரசன் நிறுவனத்தை வாங்கினார், 2007-இல் முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு, கடனும் உட்பட ஏறத்தாழ 2,200 கோடி டாலர் மதிப்பில் தம் நிறுவனத்தையே சந்தையிலிருந்து விலைக்கு வாங்கித் தனியாருடையதாக்கினார், 2011 பிப்ரவரியில் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்து ஏறத்தாழ 290 கோடி டாலர் திரட்டப்பட்டது, 2012-இல் எல் பாசோ நிறுவனத்தை, அதன் கடனையும் ஏற்று, ஏறத்தாழ 3,800 கோடி டாலர் மதிப்பில் வாங்கினார்.

விளைவு 2015-இல் தெரிந்தது. வந்த வரவில் பெரும்பகுதியை ஈவுத்தொகையாகக் கொடுத்துவிட்டு, புதிய குழாய்களுக்கு வேண்டிய பணத்தைச் சந்தையிலிருந்து திரட்டுவது அவர்கள் வழக்கம். எண்ணெய் விலை 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2015 இறுதியில் 40-க்குக் கீழே போயிற்று. குழாய்க் கூலி பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனாலும் எரிசக்திப் பங்குகள் அனைத்தும் சரிய, கடன் தர மதிப்பீடும் ஆட்டங்காண, புதுப் பணம் கிடைப்பது அரிதாயிற்று. 2015 டிசம்பரில் காலாண்டு ஈவுத்தொகையைப் பங்குக்கு 51 சென்டிலிருந்து 12.5 சென்டாக வெட்டினார்கள். அந்த ஈவுத்தொகையை நம்பி ஓய்வுக்காலத்தை அமைத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிய அடி. வெட்டியது சரியான முடிவு. அதுவரை அவ்வளவு கொடுத்ததே பிழை என்று நான் கருதுகிறேன். கையிருப்பு வைக்காமல் முழுவதையும் பிரித்துக் கொடுத்த எந்தப் பங்குக் கடையும் நெருக்கடியில் தாக்குப்பிடித்ததில்லை.

மக்கள் எதிர்த்தபோது என்ன ஆயிற்று?

டெரசனோடு வந்த டிரான்ஸ் மவுண்டன் குழாய், கனடாவின் எட்மண்டனிலிருந்து மேற்குக் கடற்கரையின் பர்னபி வரை ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் ஓடுவது. 1953-இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாய் என்ற அளவை 8,90,000-ஆக உயர்த்த, அதனருகே இன்னொரு குழாய் பதிக்கத் திட்டமிட்டனர். தொல்குடி மக்கள் பலரும், பர்னபி நகராட்சியும், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசும் எதிர்த்தனர். 2018 மே மாதம் கனடிய அரசே அதை 450 கோடி கனடிய டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 30 அன்று, பங்குதாரர்கள் விற்பனைக்கு ஒப்புதல் தந்த அதே நாளில், தொல்குடி மக்களிடம் போதிய கலந்தாய்வு நடக்கவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டிக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்ட ஒப்புதலை நீக்கியது. 2024 மே மாதம் விரிவாக்கம் இயங்கத் தொடங்கியபோது, ஒருகாலத்தில் 740 கோடி கனடிய டாலர் என மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ 3,400 கோடியாகியிருந்தது. கிண்டர் பிழைத்தார், சுமை கனடிய மக்களின் வரிப்பணத்தில் விழுந்தது.

நமக்கும் இது புதிதன்று. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு, கெயில் என்னும் பொதுத்துறை எரிவாயு நிறுவனம் பதிக்கும் குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மேற்கு மாவட்டங்களின் விளைநிலங்களில் செல்வதை உழவர்கள் எதிர்த்தனர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி தமிழக அரசு 2013-இல் கூறியது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உழவருடையதாகவே இருக்கும். அடியில் குழாய் பதிக்கும் உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதன்மேல் பயிரிடலாம், ஆனால் கட்டடம் கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது. இதற்குச் சட்டம் வகுத்த ஈடு, சேதத்துக்கான தொகை நீங்கலாக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. தென்னையும் கிணறும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது போதாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குழாய் வெடிக்காதா? பாதுகாப்புக்கு என்ன செய்கிறார்கள்?

வெடித்திருக்கிறது. 2004 நவம்பர் 9 அன்று கலிபோர்னியாவின் வால்நட் கிரீக்கில், தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இயந்திரம் கிண்டர் மார்கனின் பெட்ரோல் குழாயில் இடித்துத் தீப்பற்றி, ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். குழாய் செல்லும் தடம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. நிறுவனத்தின் புகழை எழுதுகிறவர்கள் இந்த ஐவரையும் எழுத வேண்டும்.

தோண்டுவதற்கு அடுத்த பெரிய எதிரி துரு. ஈர மண்ணில் புதைந்த எஃகு மெல்ல அரிக்கும். அதைத் தடுக்க வெளியே பூச்சு பூசுவதோடு, மக்னீசியம் அல்லது துத்தநாகக் கட்டிகளைக் குழாயோடு இணைத்துப் புதைக்கிறார்கள். எஃகுக்குப் பதிலாக அந்தக் கட்டிகள் கரையும். நீண்ட குழாய்களில் வெளியிலிருந்து மின்னோட்டம் கொடுத்தும் இதைச் செய்வர். இந்த அறிவியலைக் கற்க ஹூஸ்டனுக்குப் போக வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட நம் காரைக்குடி சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், உலோக அரிமானம் முதன்மையான ஆய்வுத்துறை. மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஆய்வு நிலையம் உண்டு. நாள்தோறும் அதன் வாசலைக் கடந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ளே என்ன நடக்கிறது என்று அறியாதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

அவர் கொடையாளர் என்கிறார்களே, அழகப்பரோடு ஒப்பிடலாமா?

கிண்டரும் அவர் மனைவி நான்சியும் 1997-இல் தொடங்கிய அறக்கட்டளை பெரும்பாலும் ஹூஸ்டன் நகருக்கே கொடுத்திருக்கிறது: பஃபலோ பாயூ நீரோடைக் கரையைச் சீராக்க 3 கோடி டாலர், நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 5 கோடி, மெமோரியல் பூங்காவுக்கு 7 கோடி, ரைஸ் பல்கலைக்கழகத்தின் நகர ஆய்வு நிறுவனமும் அவர்கள் பெயரில் இயங்குகிறது. சொந்த ஊருக்குச் செய்வது என்ற அளவில், ஊருணி வெட்டியும் மகமை வைத்தும் பழகிய நமக்கு இது விளங்கும். ஆனால் அழகப்பர் தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்கு விட்டவர். 1957-இல் 47 வயதில் இறந்தபோது கையில் இருந்ததைவிடக் கொடுத்தது மிகுதி. ஒருவர் பெருக்கிக்கொண்டே கொடுக்கிறார், மற்றவர் கொடுத்தே தீர்த்தார். எனக்கு இரண்டாமவரிடம்தான் மனம் போகிறது.

இந்தியாவில் அப்படி ஒரு தொழில்முனைவோர் வர முடியுமா?

முழுமையாக அதே வழியில் கடினம். இந்தியன் ஆயிலும், 1984-இல் அமைந்த கெயிலும் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களே இங்கே பெரிய குழாய்க்காரர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஒழுங்குமுறை வாரியம் கூலியை வரையறுக்கிறது, குழாயில் ஒரு பங்கைப் பிறருக்கும் திறந்துவைக்கச் சொல்கிறது. காக்கிநாடாவிலிருந்து குஜராத்தின் பரூச் வரை ரிலையன்ஸ் தரப்பில் போடப்பட்ட குழாய், 2019-இல் கனடிய முதலீட்டு நிறுவனமான புரூக்ஃபீல்டின் ஆதரவுடைய முதலீட்டு அறக்கட்டளைக்கு விற்கப்பட்டது. வரவைப் பங்குதாரருக்குப் பிரிக்கும் அந்த அமைப்பு, கிண்டர் தொடங்கிய கூட்டாண்மைக்கு நெருங்கிய உறவு. நம் பக்கத்தில், இந்தியன் ஆயிலின் இராமநாதபுரம் – தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 143 கிலோமீட்டர்; 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

குழாய்க்கு முதலாளியாக வேண்டுமென்று மட்டும் எண்ண வேண்டாம். தடம் அளப்பது, பற்றவைப்பை ஊடுகதிரால் சோதிப்பது, அரிமானக் காப்பு, குழாய்க்குள் ஓடிச் சுவரின் தடிமனை அளக்கும் கருவிகளை இயக்குவது, நில உரிமையாளரோடு நேர்மையாக ஒப்பந்தம் பேசுவது ஆகிய ஒவ்வொன்றும் சிறு முதலில் தொடங்கக்கூடிய தனித்தொழில்.

அவர் இன்னும் நிறுவனத்தை நடத்துகிறாரா?

2015 ஜூன் மாதம் முதன்மைச் செயல் அலுவலர் பொறுப்பை ஸ்டீவன் கீனிடம் ஒப்படைத்துவிட்டு, இயக்குநர் குழுவின் நிர்வாகத் தலைவராகத் தொடர்ந்தார். வெளியூர்க் கடையை மேலாளிடம் விட்டுவிட்டு, முகப்பில் உட்கார்ந்து வாராவாரம் வரும் கணக்கைப் படித்துக் கேள்வி எழுதி அனுப்பிய முதலாளிகளின் கடிதங்களை என் ஐயாவின் பெட்டியில் பார்த்திருக்கிறேன்; அவருடைய இப்போதைய இடம் ஏறக்குறைய அதுதான்.